நுரை அடைத்த பொந்துகள்

வவ்வால் புழுக்கை எப்படி இருக்கும் என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னைக் கேட்கலாம். இருபத்துமூன்று வருடம் கூட்டி அள்ளியவள் நான். பார்க்கக் கறுத்துப்போன நெல் மாதிரி இருக்கும். மிதித்தால் பொடியாகிவிடும். அந்தப் பொடியில், அது தின்ற பூச்சியின் இறக்கை மினுங்கும். மூத்திர நாற்றம் தனி. அது பலகையில் ஊறி, மழைக்காலத்தில் கீழே இறங்கி, துவைத்து மடித்த துணியில் வந்து ஏறிக்கொள்ளும். ச்சீ!

எங்கள் வீடு லெப்பைக்குடிக்காட்டில், நாள் முழுக்க லாரி போகிற தெருவில் இருக்கிறது. பழைய மச்சு வீடு. கீழ் அறையில் நின்று அண்ணாந்து பார்த்தால் தேக்குச் சட்டங்கள் வரிசையாக ஓடும். அதன்மேல் பலகை, பலகைக்கு மேல் மாடியின் தரை. சட்டங்களின் முனை தெருப்பக்கச் சுவரின் மேல் உட்காரும் இடத்தில், ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் நடுவே கை நுழைகிற அளவுக்குப் பொந்து. மொத்தம் பதினாறு. கட்டியவர் அதை அடைக்கவே இல்லை. காற்றுக்கு விட்டாரா, சோம்பேறித்தனமா, அவர் அடங்கியிருக்கும் கபுரில் போய்த்தான் கேட்க வேண்டும். அந்தப் பதினாறு வழியாகத்தான் வெயில் வரும், லாரிப் புழுதி வரும், கரப்பான் வரும். வவ்வால் வந்து குடும்பமே நடத்தும். பழைய சேலையைக் கிழித்துத் திணித்துப் பார்த்தேன். அதையும் தள்ளிவிட்டு அதன்மேலேயே பேண்டு வைத்தன.

என் வீட்டுக்காரர் அப்துல் நாசர் இதில் எதையும் பார்த்ததில்லை. துபாயில் இருந்தார். பெரிய பெரிய கட்டடங்களில் ஏசிக் குழாய்களுக்குப் பஞ்சு சுற்றுவது, குழாய் போகிற இடுக்குகளைக் காற்றுப் புகாமல் அடைப்பது, இதுதான் அவர் வேலை. ஊரில் அவரை இன்ஜினியர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், நாற்பது நாள் விருந்து சாப்பிடுவார், போய்விடுவார். எங்கள் ஒரே மகள் அஃப்ரின் பிறந்தபோதும் அவர் அங்கே யாருடைய ஓட்டையையோ அடைத்துக்கொண்டிருந்தார். போன வருடம்தான் ஒரேயடியாக ஊருக்கு வந்து சேர்ந்தார்.

அஃப்ரினை திருச்சியில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை சவூதியில். முதல் முறை உண்டானபோது மூன்றாம் மாதமே கலைந்துவிட்டது. திருச்சி அடுக்குமாடி வீட்டில், கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்த பிள்ளை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. இந்த முறை அல்லாஹ்வின் காவலில் ஏழு மாதம் தாண்டிவிட்டது. பிரசவத்துக்கு அம்மா வீடு வருவதுதான் எங்கள் வழக்கம். ஆனால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. புழுதி பட்டால் மூச்சு விசிலடிக்கும். அதைப் பிடித்துக்கொண்டாள் அவள் மாமியார் தாஜுன்னிஷா.

போனில் சொன்னாள்: "சம்மந்தி, தப்பா நெனைக்காதீங்க. ஒங்க வூடு பழைய வூடு. புழுதியும் வவ்வா நாத்தமும் ஆளையே தூக்கும். நானே புள்ளைய கார்ல கூட்டியாறேன். ரூமைப் பாக்குறேன். நல்லா இருந்தா வுட்டுட்டு வரேன். இல்லாட்டி அதே கார்ல திரும்பக் கூட்டிட்டுப் போயிருவேன்."

அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

அறைக்கு ஏசி மாட்டினோம். பகல் முழுக்க ஓடியும் அறை குளிரவில்லை. நாசருக்குக் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு ஸ்டூலில் ஏறி, சுவரின் மேல்விளிம்பு நெடுக நகர்த்திக்கொண்டே போனார். புகை நேராகப் போனால் சரியாம். பொந்துக்கு முன்னால் வந்தபோதெல்லாம் புகை வளைந்து உள்ளே ஓடியது.

"பாத்தியா புள்ள! ஒன் ஏசி காத்து பூரா தெருவுக்குப் போவுது. பதினாறும் லீக்கேஜ். ரெண்டு நாள்ல துபாய்ல குழாய் இடுக்கை அடைக்கிற மாதிரி அடைச்சித் தரேன்."

திருச்சிக்குப் போய் ஒரு பை நிறைய நுரை டப்பா வாங்கி வந்தார். அழுத்தினால் வாய்க்குழாய் வழியாக மஞ்சள் நுரை பீய்ச்சும். பீய்ச்சினதும் பொங்கும், பொங்கி இடுக்கெல்லாம் நிரம்பிக் கல்லாகக் காயும். செவ்வாய்க்கிழமை மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"என்னங்க, உள்ள வவ்வா இருக்கு" என்றேன்.

"சத்தம் கேட்டா ஓடிரும்."

"பகல்ல அதுக தூங்குங்க. பொழுது சாஞ்சு மஃரிபு பாங்கு சொல்றப்பதான் வெளிய கெளம்பும்."

"மஃரிபுக்கு நான் பள்ளிக்குப் போவணும்ல? வவ்வாக்காவ ஜமாஅத்தை வுடச் சொல்றியா? துபாய்ல இதைப் போல ஆயிரம் அடைச்சிருக்கேன். நீ போயி டீயப் போடு."

துபாய்க் குழாயில் எந்த வவ்வால் குடியிருந்தது? இருபத்துமூன்று வருடமாக மஃரிபு பாங்கு கேட்கும்போது வாசலில் நான் தனியாக நின்றிருக்கிறேன். பதினாறு பொந்திலிருந்தும் ஒவ்வொன்றாக உதிர்ந்து, தெருவிளக்குப் பக்கம் பறக்கும். அந்த நேரத்தில் இந்த மனிதர் ஒரு நாளும் வாசலில் நின்றதில்லை. அங்கே இருந்தவரை கடலுக்கு அந்தப் பக்கம். இங்கே வந்த பிறகு பள்ளிவாசலில். அவருக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியும். அதைத்தான் சொல்ல வருகிறேன். இன்னொரு முறை அழுத்திச் சொல்லியிருக்கலாம், கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நான் போய் டீ போட்டேன். ஒழியட்டும் சனியன்கள் என்று மனதுக்குள் ஓடியது. ஏணி வைத்து வெளிப்பக்கமும் அடைத்தார். நுரை பிதுங்கி, பழுத்த கட்டியிலிருந்து சீழ் வருவது போல் வழிந்து காய்ந்தது. அன்று மஃரிபுக்கு வாசலில் நின்றேன். ஒன்றுகூட வரவில்லை. அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன். அந்தப் பெருமூச்சை நினைத்தால் இன்றைக்கு என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

மறுநாள் காலையில் சுவர் உச்சியில் பிராண்டுகிற சத்தம். "நுரை காயுற சத்தம், அப்புடித்தான் கேக்கும்" என்றார். எனக்கு வசதியாக இருந்தது, நம்பிக்கொண்டேன். வியாழக்கிழமை சத்தம் நின்றுவிட்டது. அறை, மாஷா அல்லாஹ், கல்லறை மாதிரிக் குளிர்ந்தது. புழுதி ஒரு பொட்டு இல்லை. ஊதுபத்திப் புகை ஆடாமல் நேராக ஏறியது. நாசர் அதைப் பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை நாற்றம் ஆரம்பித்தது.

முதலில் லேசாக, கெட்டுப்போன முட்டையை யாரோ தூரத்தில் உடைத்த மாதிரி. சனிக்கிழமை அது அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டது. இனிப்பும் அழுகலும் கலந்த நாற்றம். மூக்கை மூடினால் நாக்கில் தெரியும். டீயில் தெரியும். என் தலைமுடியில் தெரியும்.

"அறுத்து எடுங்க" என்றேன்.

"வெளிய எங்கயாச்சும் எலி செத்துக் கெடக்கும்."

"எலி இல்ல. அது என்னன்னு ஒங்களுக்கும் தெரியும்."

"திங்கக்கெழம சம்மந்தி வாராங்க. இப்ப அறுத்தா ரூம் பூரா நாறிப்போயிரும். அவங்க வந்து பாத்துட்டுப் போவட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பெரிய வேலைக்காரர் தன் வேலையைத் தன் கையாலேயே அறுக்க வேண்டும் என்றால் கை வருமா? துபாயிலிருந்து கொண்டுவந்த ஊது என்கிற வாசனைக் கட்டையைக் கொளுத்தி அறை முழுக்கப் புகை போட்டார். பிண நாற்றத்துக்கு அத்தர் பூசினால் அத்தர் நாற்றமாகும், வேறென்ன? இழுப்புள்ள பிள்ளை வருகிற அறையில் புகை போடுகிறாரே என்று கத்தி, ஜன்னலைத் திறந்து விசிறி விசிறி என் கை ஓய்ந்தது.

திங்கள் காலை அறையைக் கூட்டினேன். தெருப்பக்கச் சுவரோரம் மூன்று அரிசி கிடந்தது. குனிந்து எடுக்கப் போனால் ஒரு அரிசி நெளிந்தது.

நாசரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அண்ணாந்து பலகை இடுக்கைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அஃப்ரின். "அம்மா, பாடாலூர் தாண்டிட்டோம்."

இருந்த நேரத்தில் டெட்டால் விட்டுத் துடைத்தேன். கட்டிலை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினோம். சாப்பாட்டை ஹாலில் வைத்துவிடுவது, அறையை வாசலில் நின்றே காட்டி அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கார் வந்தது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு இறங்கின அஃப்ரின் அறைக்குள் காலை வைத்ததும் நின்றாள். பிள்ளைத்தாய்ச்சி மூக்கு. அவள் கண் என்னைப் பார்த்தது, மேலே பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்தது. துப்பட்டாவை மூக்கோடு இழுத்துக்கொண்டாள். தாஜுன்னிஷாவோ நடு அறையில் நின்று மூச்சை இழுத்து விட்டாள்.

"என்னவோ ஊது வாசம் லேசா வர்ற மாதிரி இருக்கு சம்மந்தி. கொரோனா வந்து போனதுலேர்ந்து எனக்கு மூக்கே சரியா வேல செய்யலை. ஆனா ரூமு, மாஷா அல்லாஹ், பனிக்கட்டியா இருக்கே!"

கொரோனாவுக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அத்தோடு விட்டாளா?

"வெளிய என்னா வெக்க! சாப்பாட்ட இங்கயே போடுங்க. குளுகுளுன்னு சாப்புடுவோம்."

மறுத்துப் பார்த்தேன். கீழே உட்கார்ந்தே விட்டாள். விரிப்பை எதிர்ச்சுவர் ஓரமாக விரித்தேன். "ஏசி காத்து மூஞ்சிலயே அடிக்குது" என்று எழுந்து, விரிப்பையும் தன் கையாலேயே இழுத்துக்கொண்டு தெருப்பக்கச் சுவரடிக்குப் போய்ச் சம்மணம் போட்டாள். பொந்துக்கு நேர் கீழே.

நாசரும் கார் டிரைவரும் ஹாலில் சாப்பிட்டார்கள். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே சஹன், பெரிய தாம்பாளம். நடுவில் நெய்ச்சோறு, மேலே ஆட்டுக்கறி, ஓரத்தில் தாளிச்சா. சஹனில் சாப்பிடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். நல்ல கறித்துண்டை விருந்தாளி பக்கம் தள்ளிவிடலாம், அது மரியாதை. விருந்தாளி பக்கத்திலிருந்து எடுப்பது அநாகரிகம். சின்னப் பிள்ளை செய்தாலே கையில் ஒன்று போடுவோம்.

பிஸ்மில்லாஹ் சொல்லி ஆரம்பித்தோம். என் கண் சோற்றில் இல்லை, பலகை இடுக்கில் இருந்தது. தாஜுன்னிஷா பேசிக்கொண்டே இருந்தாள். மருமகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை எத்தனை மணிக்கு, பெரம்பலூரில் எந்த லேடி டாக்டர் நல்லவர், எல்லாம். பேச்சைக் கேட்டால் விட்டுவிட்டுப் போகிற மனது வந்துவிட்டது தெரிந்தது. எனக்குள் குளிர்ந்தது.

அப்போது விழுந்தது.

சத்தம் இல்லை. தாஜுன்னிஷாவின் விரலுக்கு இரண்டு அங்குலம் தள்ளி, நெய்ச்சோற்றின் மேல் ஒரு சோறு கூடுதலாக வந்து உட்கார்ந்தது. மற்ற சோறெல்லாம் சும்மா இருந்தது, இது தலையைத் தூக்கித் தேடியது. வெள்ளை உடம்பு, ஒரு முனையில் கறுப்புப் புள்ளி. அது எதைத் தின்று அவ்வளவு கொழுத்ததோ அது எனக்குத் தெரியும்.

தாஜுன்னிஷா அடுத்த பிடிக்குக் கையைத் தாழ்த்தினாள். பக்கத்திலிருந்து அஃப்ரின் அதே இடத்துக்குக் கை நீட்டுவது தெரிந்தது. அவள் கையைப் பட்டென்று தட்டிவிட்டு, நானே எட்டி அந்த இடத்தை ஒரு பிடியாக அள்ளினேன்.

தாஜுன்னிஷாவின் புருவம் ஏறியது. "என்னா சம்மந்தி, எம் பக்கத்துல?"

"கறி வெந்துருக்கா பாக்குறேன். ஒங்களுக்குப் பல்லு வலின்னு அஃப்ரின் சொன்னுச்சு" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தப் பொய்.

"அதுக்குன்னு நீங்களா? சரி, பாத்துச் சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைக்குள் அது நெளிந்தது. கீழே போட முடியாது. மடியில் நழுவவிட முடியாது. அவள் கண் கையை விட்டு நகரவில்லை. ஹலால், ஹராம் எதுவும் அந்த நொடியில் என் நினைவுக்கு வரவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்த பிள்ளைதான் வந்தது. வாயில் போட்டேன்.

மெல்லாமல் விழுங்கிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். பிடி பெரிதாக இருந்தது. தொண்டையில் நின்றது. மெல்ல வேண்டியதாயிற்று. ஏதோ ஒன்று பல்லுக்கு நடுவில் உடைந்தது. ஏலக்காயாக இருக்கட்டும் யா அல்லாஹ் என்று வேண்டினேன். அது ஏலக்காய் இல்லை.

"வெந்துருக்கு" என்றேன்.

"அப்ப சரி" என்று அவள் கறியை எடுத்தாள்.

அதற்குமேல் எதுவும் விழவில்லை. அல்லது விழுந்து நாங்கள் தின்றிருப்போம், அந்த யோசனைக்குள் நான் போக விரும்பவில்லை. மூன்று மணிக்குத் தாஜுன்னிஷா காரில் ஏறினாள். "புள்ள பொறந்து நாப்பது நாளும் முடிச்சித்தான் அஃப்ரின் வரணும். நல்லாப் பாத்துக்கங்க சம்மந்தி. ரூமு ரொம்ப சுத்தம்" என்று என் கையைப் பிடித்து அழுத்தினாள். வலது கை. அந்தக் கை.

கார் திரும்பியதும் கொல்லைக்கு ஓடி, குடல் வெளியே வருகிற அளவுக்கு வாந்தி எடுத்தேன். உப்பு போட்டுக் கொப்பளித்தேன், சாம்பல் போட்டுப் பல்லைத் தேய்த்தேன், தவ்பா செய்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அடுப்படியிலிருந்து கறி வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தேன். நாசர் கத்தியையும் என்னையும் பார்த்தார்.

"ஸ்டூலப் புடிங்க" என்றேன்.

அஃப்ரினை ஹாலில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். முதல் பொந்தின் நுரையில் கத்தியைச் செருகி அறுத்ததும் அடைபட்டிருந்த நாற்றம் முகத்தில் வந்து அறைந்தது. கறுப்புத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. கட்டி கட்டியாகப் பெயர்த்துப் போட்டேன். ஓடிவிடும் என்றாரே, அவை ஓடியிருக்கவில்லை. நுரைக்குள் இறக்கை புதைந்து ஒட்டிக்கொண்டு செத்திருந்தன. இடுக்கைப் பிராண்டிப் பிராண்டி நகம் தேய்ந்தவை சில. ஏழாவது பொந்தில் ஒன்று மல்லாந்து விழுந்தது. அதன் நெஞ்சில், கட்டைவிரல் நுனி அளவுக்கு, மயிர் முளைக்காத இன்னொன்று. தாயின் மடியைக் கவ்வின வாய் கவ்வினபடியே இருந்தது. அதற்குப் பிறகு வந்தவை முக்கால்வாசி அப்படித்தான். பிரசவத்துக்கு அம்மா வீடு தேடி வந்த கூட்டம்போல.

நாசர் ஸ்டூலை விட்டுவிட்டு மூலையில் போய் வாந்தி எடுத்தார். எனக்குப் பரிதாபம் வரவில்லை. அவர்மேல் அருவருப்பாக இருந்தது, டீ போடப் போன என்மேல் அதைவிட அருவருப்பாக இருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவர் என்னை இறங்கச் சொல்லிக் கத்தியை வாங்கினார். மிச்சம் ஒன்பதையும் அவரே அறுத்தார். சாக்கில் கட்டி, வெள்ளாற்றங்கரைக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்.

வரும்போது மஃரிபு பாங்கு கேட்டது. அவர் பள்ளிக்குப் போகவில்லை. முதல் தடவையாக வாசலில் என் பக்கத்தில் நின்று, திறந்து கிடந்த பதினாறு பொந்துகளையும் பார்த்தார். எதிலிருந்தும் ஒன்றும் வரவில்லை.

"நாளைக்கி நல்லா கழுவிக் காயவச்சி, பாத்துப் பாத்து சுண்ணாம்பு வச்சிப் பூசிடறேன்" என்றார், அடித் தொண்டையில்.

"பூசுறதுக்கு முன்னாடி ஊதுபத்தி வேணாம். உள்ள எதுவும் உசுரோட இருக்கான்னு கையை வுட்டுப் பாருங்க" என்றேன்.

உள்ளே வந்து மறுபடி கை கழுவினேன். எத்தனையாவது முறை என்று தெரியாது. அஃப்ரின் பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, அது சோறு இல்லன்னு எனக்குத் தெரியும்."

குழாயை மூடாமல் நின்றேன். "எது?"

"நாந்தான் மொதல்ல பாத்தேன். மாமி பாத்துட்டா என்னையத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவாங்கன்னு, எடுத்துத் தின்னுரலாம்னுதான் கைய நீட்டுனேன்." அவள் தன் வலது கையைப் பார்த்தாள். நான் தட்டின கை அது. "நீ அடிச்சிட்டு முந்திக்கிட்ட."

"ச்சீ" என்றேன். "வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு இப்புடியா செய்வாங்க?"

அவள் கையை இழுத்துக் குழாயடியில் பிடித்து, சோப்புப் போட்டு, அந்தக் கை அந்தப் புழுவைத் தொட்டிருக்கவில்லை என்று தெரிந்தும், திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.